இன்சீன் ஸ்டேஷனில் ஆள் பிடித்த வெற்றிலை பாய்

பர்மாவின் யாங்கோன் நகரத்திலேயே ஆங்கிலத்தால் அதிகம் பேருக்குப் பிழைப்பு தேடிக் கொடுத்தவர் எங்கள் வெற்றிலை பாய்தான். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது.

இன்சீன் ஸ்டேஷன் வாசலில் அவருக்கு வெற்றிலைக் கடை. வெளியூரிலிருந்து எந்தத் தமிழ்க் குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாலும், "இங்கிலீஷ் வருமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வராது என்றால் மறுநாள் காலை அவர்களை, நகரத்தை வட்டமாகச் சுற்றிவரும் சர்க்குலர் ரயிலில் ஏற்றி, இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு எதிரே உட்கார வைத்துவிடுவார். ஓடுகிற ரயிலிலிருந்து வாத்தியார் தப்ப முடியாது என்பது அவர் யோசனை.

போன வருஷம் அப்படி அகப்பட்டவன் நான். நகர நடுவில், கியாக்டடாவில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா.

"சயா, இது நம்ம புள்ள கமலா, பகோ பக்கம். புதன்கிழமை ஓட்டல்ல இன்டர்வியூ. கொஞ்சம் பேசிக்கிட்டே வாங்க."

சயா என்றால் இங்கே வாத்தியார். நான் வாத்தியார் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேப்பர் படிக்கிறீங்கல்ல, போதும்."

நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. பாடம் முடியவில்லை என்று, கூடவே ஏறி வந்திருந்த பாய் குறுக்கே காலை நீட்டிவிட்டார். ஒரு முழு வட்டம் சுற்றி, மத்தியானம்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமை வரை தினமும் ரயிலில் கமலா விழுந்து விழுந்து படித்தாள். ஊரில் வீடு எரிந்துபோய், கணவனும் இரண்டு குழந்தைகளுமாக வந்தவள். ஓட்டலில் வருகிறவர்களை வரவேற்கும் அந்த வேலை கிடைக்காவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

புதன்கிழமை பாய் கடையை மூடிவிட்டு வந்தார். ஓட்டல் வாசலில் நானும் நின்றேன். இரண்டாம் மாடியில் கமலா சொன்ன "குட் மார்னிங்" தெருவுக்கே கேட்டது. தடதடக்கும் ரயிலில் கத்திக் கத்தியே கற்றவள். ஆங்கிலம் என்றாலே அந்தச் சுருதிதான் என்று நினைத்துவிட்டாள். அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

"எதுக்கு இப்புடிக் கத்துறேன்னு கேக்குறாங்க சயா. வேணாம்னுட்டாங்க."

பாய் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன். மேனேஜரிடம் பர்மிய மொழியில் கேட்டார்: "அது பேசினது சரியா, தப்பா?"

"சரிதான். என் காதுதான் போச்சு."

"சத்தம் என்னோட தப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள குறைச்சுக் கூட்டியாறேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் பாடம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது. குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் நர்ஸ் வந்து அதட்டுவார். "இன்னும் நல்லாத் திட்டுங்கம்மா" என்று பாய் அவரிடம் கெஞ்சுவார். திட்டில் பாதி எனக்கும் விழுந்தது.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் நாங்கள் இருவரும் ஓட்டல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கமலா ஏதோ சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

"என்ன சொல்லிச்சு சயா?"

"எனக்கே கேக்கல பாய்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எனக்கு ஆபீஸ் லீவு. இருந்தும் காலை ரயிலுக்குக் கிளம்பினேன். இன்னொரு குடும்பத்தோடு பாய் பிளாட்பாரத்தில் நிற்பார். அவரைக் காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.