ஏழே வருஷத்தில் நிலா

தொலைபேசி அலறிய அலறலில் திட்ட அதிகாரியின் காபியில் பாதியை அவர் சட்டை குடித்துவிட்டது.

"நியூஸ் பாத்தீங்களாய்யா?" இயக்குநர் மூச்சு வாங்கினார். "பக்கத்து நாட்டுக்காரன் பத்தே வருஷத்துல நிலாவுக்கு ஆள் அனுப்புறானாம்! நாம பன்னண்டுன்னு வெச்சிருக்கோம். பதினோரு மணிக்கு அமைச்சர் அறிவிக்கணும். ஒம்பதாக்குங்க. இல்லேன்னா உங்க சீட்டை ஒம்பதாவது மாடிக்கு மாத்திருவேன்!"

அதிகாரிக்கு உயரம் என்றாலே பயம். நாட்டின் விண்வெளித் திட்டத்தையே வகுப்பவர்தான். ஆனால் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். இந்தத் தரைத்தளத்து அறையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார்.

கணினியில் 'ஒன்பது' என்று தட்டினார். திரை சிவந்தது: 'மூன்று ஆளில்லாச் சோதனைகளுக்கு நேரம் போதாது.'

"ரெண்டைத் தூக்கிருங்க சார்," என்றார் பக்கத்து மேசை உதவியாளர் அம்மா.

தூக்கினார். 'புதிய ராக்கெட் அதற்குள் தயாராகாது.'

"பழசையே ஓட்டிருவோம்மா."

'பழைய ராக்கெட் மூவரைத் தாங்காது.'

"ஒருத்தர் போதும்! அங்க என்ன, சீட்டாடவா போறாங்க?"

திரை பச்சையானது. அதற்குள் மறுபடி போன்.

"அவன் எட்டுங்கறான்யா! ஏழாக்குங்க!"

மணி பத்து ஐம்பத்தைந்து. 'ஏழு' என்றதும் திரை மீண்டும் சிவந்தது: 'பயணியைத் தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டுகள் தேவை.'

"இதை எப்படிம்மா தூக்கறது?"

"பயணின்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை நிரப்பிட்டா, ஆளைத் தேர்ந்தெடுத்தாச்சுன்னு நெனச்சுக்கும். அப்புறமா மாத்திக்கலாம் சார்."

கட்டம் பணியாளர் எண் கேட்டது. மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணைப் படபடவென்று தட்டினார்.

பச்சை!

அமைச்சர் முழங்கினார். கைத்தட்டலில் அரங்கம் அதிர்ந்தது. பக்கத்து நாடு வாயே திறக்கவில்லை. அமளியில் அந்தக் கட்டத்தை மாற்ற இருவரும் மறந்தே போனார்கள்.

மறுநாள் காலை, தோளில் அளவு டேப்போடு தையல்காரர் ஒருவர் அறைக்குள் வந்தார். "இயக்குநர் அனுப்பினார் சார். உங்களுக்கு அளவெடுக்கணுமாம்."

அதிகாரிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. உதவியாளர் அம்மாவைப் பார்த்துக் கண்சிமிட்டினார். "பாத்தீங்களா, பாராட்டு விழாவுக்குக் கோட்டு!"

நெஞ்சை நிமிர்த்தி, தொப்பையை உள்ளிழுத்து நின்றார். இடுப்பில் டேப் இறுகியது.

"இவ்ளோ டைட்டா எதுக்குப்பா? கொஞ்சம் லூஸாவே தைங்க."

தையல்காரர் நோட்டில் அளவைக் குறித்தபடியே சொன்னார்: "லூஸா வெச்சா உள்ள இருக்கற காத்து போயிரும் சார், அப்புறம் நிலாவுல எப்படி மூச்சு விடுவீங்க?"