நடுநெற்றியில் பழுதான இரண்டு லப்டொப்புகள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

ரொறொன்ரோவில் இருக்கும் அன்புள்ள மாமாவுக்கு மருமகன் இராகுலன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் மாமியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அம்மா எங்களை நித்திரை கொள்ள விட்டிருக்கமாட்டார். வைபரில் எழுதாமல் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம், குடும்பக் குழுவில் போட்டால் லண்டன் சித்தப்பாவும் வாசிப்பார் என்பதுதான்.

விசயத்துக்கு வருகிறேன். தங்கச்சி தயாளினிக்குத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் கம்பனியின் நேர்முகம் இருக்கிறது, அதுவும் வீடியோவில் என்று அம்மா வாய் தவறிச் சொன்ன அன்றைக்கே நீங்கள் பழம் போட்ட லப்டொப்பை வாங்கி அனுப்பினீர்கள். நாலு நாள் கழித்துச் சித்தப்பா ஜன்னல் போட்டதை அனுப்பினார். அதற்குப் பிறகு குழுவில் பிள்ளையின் நேர்முகத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை. யாருடைய சிப் வேகம், யாருடைய பற்றரி கூட நேரம் நிற்கும், யாருடையதில் வைரஸ் வராது, இதுதான் கதை. நாலு வருசம் கணினி படித்து, இதே ஊரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கம்பனிகளே ஒருவன் செய்த மென்பொருளை மற்றவனின் மெசினில் ஓடவிட்டு உழைக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும்தான் சம்பளமில்லாமல் சண்டை பிடிக்கிறீர்கள்.

அம்மாவுக்குத் தன் அண்ணனும் வேண்டும், புருசனின் தம்பியும் வேண்டும். ஆகவே ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே தட்டில் சந்தனம் குழைத்து, இரண்டையும் திறந்து, திரைக்கு மேலே நடுநெற்றியில் ஒரே அளவு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: நேர்முகத்தில் முதல் அரைமணி உங்கள் லப்டொப், அடுத்த அரைமணி சித்தப்பாவினது.

புதன்கிழமை பின்னேரம் சோதித்துப் பார்த்தேன். உங்கள் லப்டொப்பின் கமராவில் படம் இல்லை. முழுக் கறுப்புமில்லை, ஒருவிதக் கருஞ்சிவப்பு. சென்சர் சூடேறிப் பழுதானால் இந்த நிறம்தான் வரும், இது அனுபவம். இருந்தாலும் இயங்குதளத்தை முழுக்க அழித்துத் திருப்பிப் போட்டேன். கருஞ்சிவப்பு. சித்தப்பாவினதைத் திறந்தேன். அதே கருஞ்சிவப்பு. அதையும் அழித்து, ஒருவருக்கும் சொந்தமில்லாத லினக்ஸை ஏற்றினேன். அதிலும் அதுதான். என் முடிவு இது: ஒருவனை ஒருவன் முந்துகிற அவசரத்தில் இரண்டு கம்பனியும் மலிவுக் கமராவை ஒரே கடையில் வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலை கிடைத்தால் தயாளினி வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் அறை தேட வேண்டும். அது அம்மாவுக்கு ஏலாது. வியாழன் காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஹஸ்மி என்கிற மனேஜர் திரையில் வந்தார். “தங்கச்சி, உங்கட பக்கம் இப்ப சூரியன் மறையுதா?” என்று கேட்டார். அரைமணிச் சட்டத்தை முறித்து இரண்டாவது லப்டொப்புக்கு மாறினோம். “இப்பவும் மறையுது” என்றார். ஒன்பது நிமிசம் போய்விட்டது. ஐந்து மாதமாகக் கப்பல் பத்திரங்களைக் கரைத்துக் குடித்த பிள்ளை கதிரை நுனியில் இருந்து என்னைப் பார்த்தாள்.

“நீ படிச்சது காணும் அண்ணா, விடு. அம்மாட போனைத் தா.”

சீனிப் போத்தலில் சாத்திவைத்த அந்த ஆறு வருசப் பழைய போனில்தான் மிச்ச நேர்முகம் நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வேலை போனால் அதற்குப் பொறுப்பு அந்த இரண்டு கம்பனியும், அவர்களுக்கு வக்கீலாக நின்ற நீங்கள் இருவரும். லப்டொப்புகளைத் திருப்பி அனுப்பப் போகிறேன், பற்றுச்சீட்டை அனுப்பிவையுங்கள். இனி இந்த வீட்டுக்கு மெசின் வாங்குமுன் படித்தவனை ஒரு சொல் கேளுங்கள்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கோணேசர் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும், அந்தக் குழுவுக்குக் கொஞ்ச நாள் மௌனத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
மருமகன்
இராகுலன்

அண்ணா, இவன் எழுதினதை மனதில வையாதேங்கோ. படிச்ச பிள்ளை. – புஷ்பவதி

பி.கு.: அம்மா கையெழுத்து வைத்துவிட்டதால் இதைக் கிழிக்க ஏலாது. சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். என்னோடு கடையில் வேலை செய்யும் மூதூர் அப்ராஸ் இன்று காலை கமராவைக் கழற்ற வந்தான். திருத்து வேலை ஆயுதப் பெட்டியைத் திறக்கவேயில்லை. “மச்சான், கோவிக்காத. கமராக் கண்ணுல என்னமோ அப்பியிருக்கு. துடைக்கலாமா, உங்கட சாமி விசயமா?” என்றான். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் முதல் தண்ணீர் மோட்டர் வரை பொட்டு இருப்பதால் அது என் கண்ணில் படுவதேயில்லை. அம்மாவின் போனுக்கும் பொட்டு உண்டு, அது முதுகில். மத்தியானம் தயாளினிக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. அந்தச் சந்தோசத்தில் அம்மா திரும்பவும் சந்தனம் குழைத்தார். இந்த முறை மூடிக்கு வெளியேதான் என்று தயாளினி பக்கத்தில் காவல் நின்றாள். உங்கள் பழத்தில் கடித்திருந்த இடத்தை அம்மா சந்தனத்தால் நிரப்பிவிட்டார், இப்போது அது முழுப் பழம். சித்தப்பாவின் ஜன்னல் ஸ்டிக்கரில் நாலு கட்டம் என்பதால் நாலு பொட்டு. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு குழுவில் தொடங்கிவிடாதீர்கள்.