முகூர்த்தக்கால் அல்ல, வெறும் மூங்கில்

தல்லாகுளம், மதுரை
11-6-1984

மரியாதைக்குரிய மச்சான் சிவனாண்டி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் காசிமாயன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை சோலையம்மாளும் மகள் அன்னக்கொடியும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை விசாரிக்கலாம் என்றால், தாங்கள் செக்கானூரணி டீக்கடையில் நின்று, "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னையக் கேக்காம மகளுக்கு முகூர்த்தக்கால் ஊன்டுறானா அந்தாளு? இனி அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சத்தம் போட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. அன்று முதல் தங்கள் தங்கை சோறு பொங்குகிறாள், தின்பதில்லை. என்னையும் நிம்மதியாகத் தின்ன விடுவதில்லை. மச்சான், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் கல்யாணமே இல்லை. நான் ஊன்றியது முகூர்த்தக்கால் இல்லை. வாசலில் வண்டி நிறுத்தாமல் இருக்க ஊன்றிய மூங்கில்.

எங்கள் தெருமுனையில் பெண்கள் பள்ளிக்கூடம் இருப்பதும், அன்னக்கொடி அதில் டீச்சராக இருப்பதும் தாங்கள் அறிந்ததே. காலையில் மணி அடிக்கும் முன்னும் சாயங்காலம் மணி அடித்த பின்னும் ரிக்‌ஷா, குதிரை வண்டி, ஸ்கூட்டர், கார் என்று அம்புட்டும் நம் வாசலில்தான் வந்து நிற்கும். பால் வாங்க வெளியே போனவன், பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்து வண்டிகள் கலைந்த பிறகே வீட்டுக்குள் வர முடியும். ஒருநாள் அவசரத்தில் வாசலை அடைத்து நின்ற ரிக்‌ஷாவில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். "ஏறுனா சவாரிதேன், எறங்குற எடம் ஒங்க இஷ்டம்" என்று ரிக்‌ஷாக்காரன் கூலி கேட்டான். இதில் சொல்ல வருத்தமாக இருக்கிறது, எல்லாரிலும் மோசம் தங்கள் மகன் முத்திருளன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி வரும் அந்த வேனை, தெருவெல்லாம் காலியாகக் கிடந்தாலும் கேட்டுக்கு நேராகத்தான் கொண்டுவந்து சொருகுவான். "ஏண்டா மாப்ள, வேற எடமே கெடைக்கலையா?" என்றால், "நம்ம வீட்டு வாசல் இருக்கையில அடுத்தவன் வாசல்ல நிறுத்துனா நல்லாவா இருக்கும் மாமா?" என்று பல்லைக் காட்டுவான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏறின பிறகும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிற்பான். அப்படியென்ன அழுக்கோ தெரியவில்லை.

பொறுத்துப் பார்த்து, எங்கள் தெருவில் வண்டி நிறுத்தத் தடை போட வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதினேன். மனுவில் முதலாவதாகக் குறிப்பிட்ட வண்டி நம்பர் முத்திருளனுடையது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது ஒன்றுதான் எனக்கு மனப்பாடம். உத்தரவும் வந்தது. அறிவிப்புப் பலகை இருக்கிறது, நடுவதற்குக் கம்பம் இல்லை, கம்பம் நீங்கள் நட்டு வைத்தால் பலகையை நாங்கள் அடிக்கிறோம் என்றார்கள். சரியென்று மூங்கில் கடையில் நேரான மூங்கிலாக ஒன்று வாங்கி, போன வாரம் விடியற்காலையில் வாசலில் குழி தோண்டி நட்டேன். வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தேன். அன்று வளர்பிறை முகூர்த்த நாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பென்ஷன் வாங்குகிறவனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். தங்கள் தங்கை கோலம் போட வந்தவள், "வாசல்ல மொட்டைக் கம்பு நிக்கக் கூடாது, அபசகுனம்" என்று மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலைக் கொத்தையும் கட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். எதிர்வீட்டு ரெங்கம்மாள் குலவை போட்டாள். சத்தம் கேட்டு இன்னும் நாலு வாசலில் குலவை. "இல்லம்மா, இது வண்டி நிறுத்தாம இருக்க" என்று நான் சொல்லச் சொல்ல, "ஆமாமா, கல்யாண வீட்டு வாசல்ல எவன் வண்டிய நிறுத்துவான்?" என்கிறார்கள். இதிலே பெரிய கூத்து என்னவென்றால், அது நிஜம்! சர்க்கார் உத்தரவைச் சொன்னபோது சிரித்தவர்கள், மாவிலையைக் கண்டதும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கூலி கேட்ட ரிக்‌ஷாக்காரனே மற்றவர்களை விரட்டுகிறான். அன்று நம் வாசல் வெறிச்சென்று கிடந்தது மச்சான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வேலையும் இல்லாமலே சைக்கிளை வெளியே எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்த ஆசையில்தான் புத்தி கெட்டு, கல்யாணம் இல்லை என்று அடித்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பிறகு பலகையோடு ஆள் வந்தான். மூங்கிலில் ஆணியை வைத்ததுதான் தாமதம், "முகூர்த்தக்கால்ல ஆணி அடிக்கிறியே, நீ வெளங்குவியா?" என்று தெருப் பெண்கள் கூடி அவனை ஓட்டிவிட்டார்கள். பலகை நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. சரி, மூங்கிலைப் பிடுங்கிவிடலாம் என்றால், கல்யாணம் முடியாமல் காலைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறாள் தங்கள் தங்கை. ஆடி பிறந்தும் கால் நின்றால் அதுவும் ஆகாதாம். மாப்பிள்ளை யார் என்று கேட்பவர்களிடம் "பக்கத்துலதேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. முத்திருளனும் அன்றிலிருந்து வாசல் பக்கம் வரவில்லை. தெருக்கோடியில் வேனை நிறுத்திவிட்டு, யாருக்கோ எழவு விழுந்தது போல உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே, இல்லாத கல்யாணத்துக்காக இருக்கிற உறவை அறுத்துவிடாதீர்கள். தங்களை விட்டால் அவளுக்குப் பிறந்த வீடென்று வேறு யார்? ஒரு நடை வந்து, கூடப்பிறந்தவள் கையால் ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டு, அந்த மூங்கிலைத் தாங்களே பிடுங்கிப் போடுங்கள். தாய்மாமன் பிடுங்கினால் தோஷமில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். தங்கள் குடும்பத்தாருக்கு எங்கள் அனைவரின் வணக்கமும், தங்கள் எருமை கன்று போட்டதற்கு என் தனிப்பட்ட மகிழ்ச்சியும்.

இப்படிக்கு,
தங்கள் உறவை விடாத,
காசிமாயன்

பி.கு.: மேலே கண்டதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டால் மறந்துவிடவும். கவரை ஒட்டுவதற்கு முன் பிழை திருத்தித் தரச் சொல்லி அன்னக்கொடியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுத்துல ஒரு பிழையும் இல்லப்பா. விஷயந்தேன் பூராந் தப்பு" என்றாள். "அம்மாகிட்ட மாவிலையக் கட்டச் சொன்னதே நாந்தேன். நீங்க மனுவுல அவரு வண்டி நம்பர எழுதுனீங்க. மாமாவோ வேன் ஓட்டுற மகனுக்கு டீச்சரு பொண்ணக் கேக்கக் கூச்சப்படுறாரு. இப்படி ஆளாளுக்கு இருந்தா நான் என்ன செய்யிறது? விஷயந் தெரியாம அந்த மனுசனும் எனக்கு எவனோடயோ கல்யாணம்னு தெருக்கோடியில உக்காந்து அழுகுறாரு" என்றாள். அந்தக் கண்ணாடியில் என்ன அழுக்கு என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது மச்சான். தங்கள் தங்கை ரெண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டாள். மூங்கிலைப் பிடுங்க வேண்டாம். ஆனிக்குள் தேதி பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு வரவும். தாங்கள் வரும் டிராக்டரை மட்டும் அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். நம் வாசலில் இனி மாப்பிள்ளை வேன் ஒன்றுதான் நிற்கலாம், பலகையில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.