ஹரோல்ட் விட்டுப்போன நாலு கம்பி

மாரிகுப்பம்,
14-9-1969

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ராஜப்பா அவர்களுக்கு, மாணிக்கராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை டெய்சியும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இந்த வாரம் எழுதாதீர்கள், இன்னொரு கெட்ட சேதியைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் மருமகன், எங்கள் ஜெயகரன், வீட்டை விட்டு உங்கள் பெங்களூருக்கே கிளம்புகிறான். அவனை விரட்டியது நான்தான். கையால் அடித்து விரட்டவில்லை, பேஸ் கிட்டார் வாசித்து விரட்டினேன்.

அவன் நண்பர்களோடு கல்யாணங்களில் பாண்டு வாசிப்பது உங்களுக்குத் தெரியும். அதில் பேஸ் வாசித்த ஹரோல்ட் பிப்ரவரியில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டான். போகும்போது கிட்டாரையும், சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பேஸ் இல்லாமல் பாண்டு இல்லை, பெங்களூரில் ஆள் இருக்கிறது, நான் அங்கே போகிறேன் என்று ஜெயகரன் ஆரம்பித்தான். இங்கே தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் அப்ரண்டிஸ் வேலைக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டு நான் காத்திருக்கிறேன். ஒரே பிள்ளை. ஹரோல்டின் இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டால் இவன் எங்கே போவான் என்று ஒரு யோசனை வந்தது. வயது நாற்பத்தாறு ஆனால் என்ன, என் மகன் ஆறு கம்பியை ஆட்டிவைக்கிறான், நாலு கம்பியை நான் அடக்க முடியாதா என்று நினைத்தேன். முடியாது மச்சான். அந்தக் கம்பி ஒவ்வொன்றும், சுரங்கத்தில் நான் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் இரும்புக் கயிற்றுக்குத் தம்பி. முதல் வாரமே விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஜெயகரன் மூன்று நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நாலாம் நாள் "அப்பா, நீங்களா பழகுங்க, நான் வெளிய போயி வரேன்" என்று போனவன் சாப்பாட்டுக்குத்தான் வந்தான்.

லைன் வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியும், இங்கே தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். பூமிக்கடியில் பாறை வெடித்தால் இங்கே அலமாரிப் பாத்திரங்கள் ஆடும், உடனே பெண்கள் எல்லாம் சுரங்க வாய்க்கு, ஷாஃப்ட்டுக்கு, ஓடுவார்கள் என்பதும் தெரியும். இவ்வளவும் எனக்கும் தெரியும். தெரிந்தும் போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைச் சுவரோரம் வைத்து, தடித்த கம்பியை ஓங்கி இழுத்தேன். அடுத்த வீட்டுப் பழனியம்மாவின் பாத்திரங்கள் மொத்தமும் கீழே வந்தன. அவள் புருஷன் தாமோதரன் அப்போது கீழே ஷிஃப்டில் இருந்தான். "ஐயோ, வெடிச்சிட்ச்சி" என்று அவள் தலைவிரிகோலமாக ஓட, பதினோரு வீட்டுப் பெண்கள் அவள் பின்னால் ஓடினார்கள். டெய்சியும் ஓடினாள். நானும் பதறிப்போய்க் கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே பின்னால் ஓடினேன். கீழே ஒன்றும் ஆகவில்லை என்று மேலே கூண்டடியில் சொல்லி அனுப்பிய பிறகுதான், எல்லோரும் திரும்பி என் கழுத்தைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் தாமோதரன் வந்தான். "இன்னா மாணிக்கம், மேல உக்காந்துகினே பாறைய ஒடைக்கிறியா? தெனம் உன் கைய நம்பித்தான்யா நாங்க எறங்கறோம்" என்றான். அவன் பெண்டாட்டி அந்த ஓட்டத்தில் என்னவெல்லாம் நினைத்து ஓடியிருப்பாள் என்று எண்ணி எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பதினோரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்கப் போனது ஜெயகரன்தான்.

அதோடாவது விட்டிருக்கலாம். போன திங்கட்கிழமை ஊரிகத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கெஞ்சிக் கூத்தாடி நானும் மேடையேறினேன். முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் டிரம் வாசிக்கிறவன் பக்கத்தில் தொங்கிய சின்ன மணியை ஒரு தட்டுத் தட்டினான். என் கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் டிரைவர் நான். கூண்டு ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கீழே எவனாவது செத்தான். மூளை பாட்டு என்கிறது, கை கேட்கவில்லை. திரும்ப ஆரம்பித்தார்கள், அவன் திரும்பத் தட்டினான், நான் திரும்ப நின்றேன். மூன்றாவது முறை மாப்பிள்ளையே மேடைக்கு வந்து, "அங்கிள், நீங்க சாப்புட்டு வாங்க" என்றார்.

திரும்பும்போது ரயிலில் ஜெயகரன் வேறு பெட்டியில் ஏறினான். வீட்டுக்கு வந்ததும், "நான் பெங்களூர் போறேம்பா, சொல்லிட்டேன்" என்றான்.

ஆகையால் மச்சான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவன் உங்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள். இடமில்லை என்று சொல்லுங்கள், அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். போக்கிடம் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவான். கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன், இனி தொடமாட்டேன். அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் அதைக் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் சர்ச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டாரைக் கர்த்தர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக, முக்கியமாகச் சங்கீதத்துக்கு.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை மாணிக்கராஜ்

பின்குறிப்பு: உறையில் இங்கிலீஷில் விலாசம் எழுத ஜெயகரனிடம் கொடுத்தேன். அவன் கடிதத்தை எடுத்து முழுதும் படித்துவிட்டான். கோபிப்பான் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க வாசிச்சதால நான் போவலப்பா. ஹரோல்ட் இருந்திருந்தாலும் போயிருப்பேன். அன்னிக்கி பழனியம்மா அக்கா ஓடுனாங்களே, அப்டி எங்கம்மா எனக்காக ஓடக்கூடாது" என்றான். அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன். நாளைக் காலையில் ஆபீசுக்குப் போய் அப்ரண்டிஸ் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு வருவேன். கிட்டாரை அனுப்பவில்லை. பாறை வெடிக்காமல் என்னைப் பழகச் சொல்லி, பெட்டியின் ஒயரை மட்டும் அவன் எடுத்து வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறான். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு அவனை உள்ளே விடுங்கள் மச்சான். சாப்பிட்டுவிட்டேன் என்பான், நம்பாதீர்கள்.