நூற்று நான்கு விழுக்காடு

எங்கள் முரின்பாவில் சிறுநீரகம் பழுதானவர்கள் ஒன்பது பேர். இந்த ஒன்பது பேரும் வாரத்துக்கு மூன்று தடவை இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் டப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதைவிட, ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் கட்டடம் இருந்தால் நல்லது என்று அரசு நெடுங்காலம் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் அதே முடிவுக்குப் பதினோரு வருஷம் முன்பே வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் முடிவு கோப்பில் ஏறவில்லை.

கட்டும் ஒப்பந்தம் எரல் பார்லோவுக்குக் கிடைத்தது. எரல் உள்ளூர்க்காரன். லேசில் கோபம் வராது. வந்தால் அளவு டேப்பை இழுத்து இழுத்து விடுவான். அவனோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். நான் பெயின்ட் அடிப்பவன். ஏழு பேரும் பூர்வகுடிகள். இதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்து வருகிறோம்.

ஆபீஸ் காகிதங்களை எரலின் அக்கா வால்மா பார்த்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர் என்பதால், கட்டடம் எழும்புவதில் அவருக்கு எங்களைவிட அவசரம்.

அரசுப் பணத்தில் கட்டடம் கட்டுகிற ஒப்பந்தக்காரர் பூர்வகுடிகளுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. எங்கள் அப்பாமார்கள் கொடி பிடித்துக் கேட்டு வாங்கியது. அதை நிறைவேற்றக் கொடுத்த படிவத்தை மட்டும் யார் கேட்டு வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம்: "தற்போதைய பூர்வகுடிப் பங்கேற்பு விழுக்காடு." வால்மா அக்கா நூறு என்று போட்டார். இரண்டாம் கட்டம்: "ஒப்பந்த காலத்தில் எய்தப்படும் உயர்வு, குறைந்தபட்சம் நான்கு." நான்கு என்று போட்டார். கணினி சிவந்தது: "மொத்தம் நூறைத் தாண்டலாகாது." நான்கை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டார். கணினி இன்னும் சிவந்தது: "உயர்வு இல்லாத விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது."

டப்போவிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே, ஊசி குத்திய கையில் கட்டோடு, சிட்னிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பிலிப்பா மெரிடித், பூர்வகுடி வேலைவாய்ப்புப் பங்கேற்பு மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலர். ரொம்ப நல்ல பெண். அதுதான் கஷ்டமே.

"எங்ககிட்ட ஏழு பேரு, கண்ணு. ஏழு பேருமே பூர்வகுடி."

"அருமை! கேக்கவே சந்தோஷமா இருக்கு வால்மா. இன்னும் எவ்வளவு கூட்டப் போறீங்க?"

"கூட்டறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லையே. நூறு."

"புரியுது. ஆனா திட்டத்தோட நோக்கமே முன்னேற்றம். நீங்க ஆரம்பத்துலயே போய் உக்காந்துட்டீங்கன்னா, எங்களால நீங்க முன்னேறினதா எப்படிக் காட்டறது?"

"அப்ப ஆள் வெக்காம இருந்திருக்கணுமா?"

"அப்படி நான் சொல்லவே மாட்டேன்," என்று பிலிப்பா உண்மையிலேயே பதறினார். "கொஞ்சம் குறைவா இருந்திருந்தா உதவியா இருந்திருக்கும்னுதான் சொல்ல வரேன்."

இந்தக் கட்டம் நிரம்பாமல் வேலை தொடங்க அனுமதி இல்லை. மூன்று வாரம் போனது. நாங்கள் ஏழு பேரும் மனையைச் சுற்றிப் போட்ட வேலியைப் பார்த்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்தோம். எரலின் டேப் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. ஒன்பது பேரும் பஸ்ஸில் போய் வந்தார்கள்.

நாலாம் வாரம் வால்மா அக்கா எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"எரல், நமக்கு ஒரு வெள்ளைக்காரன் வேணும்."

"எதுக்குக்கா?"

"கீழ எறங்கத்தான். எறங்கினாத்தானே ஏற முடியும்?"

எங்கள் ஊரில் சும்மா இருந்த வெள்ளைக்காரர் பெர்னி ஒருவர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் அவருக்குத் தெளிவான கருத்து கிடையாது. எரல் போய்க் கேட்டான்.

"நான் என்ன செய்யணும் பாஸ்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். நீ நீயா இருந்தாப் போதும்."

"என் பொண்டாட்டிகூட என்னை அப்படிச் சொன்னதில்லப்பா," என்று பெர்னி கண் கலங்கிப்போய்ச் சேர்ந்துவிட்டார்.

எட்டில் ஏழு, எண்பத்தேழரை. நான்கு கூட்டினால் தொண்ணூற்றொன்றரை. கணினி பச்சையானது. அன்று மத்தியானமே அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தோம். பெர்னி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைக்காரராக இருந்தார். அந்த வேலையில் அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த மாதமே அவரை மரியாதையாக அனுப்பிவிட்டு நூறுக்குத் திரும்புவது என்பது அக்காவின் திட்டம். அதற்குள் சிட்னியிலிருந்து கடிதம். "தங்கள் பணியிடம் இனக்கலப்புடையதாக மாறியிருப்பதால், அனைத்துப் பணியாளர்களும் பூர்வகுடிப் பண்பாட்டுப் புரிதல் பயிற்சி பெறுதல் கட்டாயம்."

பயிற்சியாளர் விமானத்தில் வந்தார். சிட்னி பையன், நல்ல பூட்ஸ். எங்களை வட்டமாக உட்கார வைத்து, நாங்கள் யார் என்பதைப் படங்களோடு இரண்டு நாள் விளக்கினார். சில படங்கள் நன்றாகவே இருந்தன. கடைசியில் பரீட்சை.

மூன்றாம் கேள்வி: "பூர்வகுடிப் பணியாளர் ஒருவரின் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?"

எரல் எழுதியது: "செத்தது யாருன்னு மொதல்ல கேக்கணும். எங்க அத்தைன்னா வேலையை மூடிட்டு எல்லாரும் போவோம். அவன் மாமனார்னா அவன் போவான், நான் வண்டி தருவேன். துக்க வீட்டுக்கு ஒரு ஆட்டுக்கால் வாங்கிட்டுப் போகணும்."

தவறு. சரியான விடை: "தொடர்பு அலுவலரை அணுகவும்."

பூர்வகுடிகள் ஏழு பேரும் பூர்வகுடிப் பண்பாட்டில் தேறவில்லை. எனக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. அதிலும் பாதி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதியது. ரயில்வே விதிப்புத்தகத்தை நாற்பது வருஷம் மனப்பாடம் செய்த பெர்னி மட்டும் தொண்ணூற்றாறு வாங்கினார். சான்றிதழில் பொன்னிற முத்திரை.

"சாரிப்பா," என்றார் பெர்னி, தலையைக் குனிந்துகொண்டு. "உங்களப் பத்தி உங்களுக்கு மேல எனக்குத் தெரியும்னு நான் நெனச்சதே இல்ல."

"பரவால்ல பெர்னி," என்றேன். "எங்களுக்கும் அது செய்திதான்."

கடிதத்தின் அடுத்த பக்கத்தைப் பிறகுதான் படித்தோம். இனக்கலப்புள்ள பணியிடத்தில் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். ஆக பெர்னியை அனுப்ப வழியில்லை. நாற்காலிக்கு முன்னால் ஒரு மேசையும் போட்டுக் கொடுத்தோம். எங்களுக்கு ஏதாவது மனக்குறை என்றால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொண்டு எங்கள் சார்பில் எரலிடம் சொல்வார். எரல் இரண்டு அடி தள்ளி நின்று மரம் அறுத்துக்கொண்டிருப்பான்.

இதற்கிடையே சுவர் எழும்பி, கூரை ஏறியது. விழுக்காடு மட்டும் எண்பத்தேழரையிலேயே நின்றது. "இலக்கு எய்தப்படாவிடில் கட்டடத்தைத் திறக்க இசைவு வழங்க இயலாது" என்று பிலிப்பா வருத்தத்தோடு எழுதினார்.

அந்த வாரம் ஒன்பது பேர் எட்டுப் பேர் ஆனார்கள். ராஸ்கோ மாமா டப்போ ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். ஊரைப் பார்க்காமல் போனார். எரல் வேலையை மூடினான்; எல்லோரும் போனோம். பெர்னி ஆட்டுக்காலைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் நின்றார். தொடர்பு அலுவலரை யாரும் அணுகவில்லை.

துக்க வீட்டிலிருந்து திரும்பிய வால்மா அக்கா படிவத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். அறுபத்திரண்டு பக்கம். மூன்று பஸ் பயணம் பிடித்தது. நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: விழுக்காடு ஆள் கணக்கில் அல்ல, வேலை மணிக் கணக்கில்.

"பெர்னி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இங்க உக்காந்திருக்க?"

"நாப்பது, வால்மா."

"இனிமே ஒரு மணி நேரம் உக்காரு. மிச்ச நேரத்துக்கு மீன் பிடிக்கப் போ."

விழுக்காடு தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறுக்குத் தாவியது. பன்னிரண்டு புள்ளி உயர்வு! அந்தத் திட்டத்தின் சரித்திரத்தில் யாரும் இப்படி முன்னேறியதில்லையாம். அமைச்சர் வந்தார், நாடாவை வெட்டினார், "முரின்பா பாதை" என்று அதற்குப் பெயர் வைத்தார். நகர அலுவலகங்களிலெல்லாம் முரின்பா பாதை பற்றிக் கருத்தரங்கு நடக்கத் தொடங்கியது. பிலிப்பாவுக்குப் பதவி உயர்வு. சுற்றுவட்டாரத்தில் எங்களைப் போன்ற குழுக்கள் தலைக்கொரு வெள்ளைக்காரரைத் தேடி அலைந்ததில், அந்த வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்க ஆள் கிடைக்கவில்லை.

பிலிப்பா விட்டுப்போன நாற்காலிக்கு விளம்பரம் வந்தது. வால்மா அக்கா விண்ணப்பித்தார். அந்தப் படிவத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் என்று தேர்வுக்குழு அவரைக் கண்டுகொண்டது. குழுவில் இருந்த மூவரும் பாதிதான் படித்திருந்தார்கள். ஊரே கொண்டாடியது. சாசேஜ் சுட்டோம், இரண்டு கங்காரு வால் வாட்டினோம். நம் ஆள் உள்ளே போயாச்சு, இனிமேல் காகிதத் தொல்லை தீர்ந்தது என்று நான்கூட எழுந்து பேசினேன்.

அக்கா சிட்னிக்குப் போகாமல் புதுக் கட்டடத்திலிருந்தே வேலை பார்த்தார். ஒரு கை மெஷினில், இன்னொரு கை கணினியில்.

பிறகு பள்ளிக்கூடக் கூரை மாற்றும் வேலை வந்தது. எரல் சிரித்துக்கொண்டே விண்ணப்பம் போட்டான். நாலாம் நாள் திரும்பி வந்தது. ஏதோ தவறு என்று அதை எடுத்துக்கொண்டு நேரே கட்டடத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"அக்கா, என் விண்ணப்பம் திரும்பி வந்திருச்சு."

"தெரியும். அறுபத்திமூணாம் பக்கம் காலி."

"அறுபத்திமூணாம் பக்கம்னு ஒண்ணு போன தடவை இல்லையே?"

"இப்ப இருக்கு. நான்தான் சேத்தேன். ஒப்பந்தக்காரங்க படிக்காமலே கையெழுத்துப் போடறாங்களான்னு பாக்க."

எரல் டேப்பை எடுத்தான். "எட்டு மாசம் இதே படிவத்தால நீ எவ்வளவு அழுத, மறந்துட்டியா?"

"மறக்கல. எட்டு மாசம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டத தூக்கிப் போடச் சொல்றியா?"

"நான் உன் தம்பிக்கா!"

"அதுவேற இருக்குல்ல," என்று அக்கா மெஷின் பக்கக் கையை அசைக்காமல், மற்ற கையால் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதம் எடுத்தார். "அலுவலருக்கு உறவுக்காரன்னா இதையும் நிரப்பணும். உறவு நலன் வெளிப்படுத்தல் படிவம்."

"இதை யாரு சரிபாக்கறது?"

"நான்தான்."

எரல் டேப்பைப் பையில் போட்டுவிட்டுப் பேனா கேட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். "அலுவலர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு" என்ற இடத்தில், பெரிய எழுத்தில், "முன்னாள் அக்கா" என்று எழுதி நீட்டினான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"எந்தத் தேதியிலேருந்துன்னு போடலையே?"