பூட்டிய பெட்டியும் வழிமொழியாத ஊரும்

டன்லப் கிரீக் பொது நூலகத்தின் நிர்வாகக் குழு, மாநில அரசு அனுப்பிவைத்த ஆறு மருந்துக் குப்பிகளை உரிய மரியாதையுடன் பெற்றுக்கொண்டது. ஒஹையோ நதிக்கரையில் அது ஒரு சின்ன ஊர். சுரங்கத்திலும் கூரை வேலையிலும் இடுப்பு ஒடிந்தவர்களுக்கு டாக்டர்கள் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி எழுதித் தள்ளினார்கள். அப்புறம் ஒருநாள் திடீரென்று மனசாட்சி விழித்துக்கொண்டு நிறுத்தினார்கள். அதற்குள் விட முடியாமல் போனவர்கள் தெருவில் விற்கிற கண்டதையும் தேடிப் போனார்கள். அளவு மிஞ்சி மூச்சு நின்றால், இந்தக் குப்பியை மூக்கில் ஒரு தடவை அடித்தால் போதும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நூலகக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உண்டு, வெந்நீர் உண்டு, ஏன் வந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. அதனால் விழுகிறவர்கள் அங்கேதான் விழுந்தார்கள்.

நூலகர் வெர்னா டாக்கெட்டுக்குக் குப்பிகளைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. அவள் தம்பி டெல்மர் கூரை வேய்கிறவன். தவறி விழுந்த நாளிலிருந்து அவனும் அந்தக் கணக்கில்தான் இருந்தான். தினமும் அக்காவோடு வந்து கௌபாய் கதைகள் பக்கம் உட்காருவான். கழிப்பறைக்கு எழுந்து போனால் வெர்னாவின் கண் கதவைவிட்டு நகராது. ஊரில் யாராவது விசாரித்தால், "முதுகுவலி, பாவம்" என்பாள்.

"இதை என் மேசையிலேயே வெச்சுக்கறேன் சார்" என்றாள் தலைவரிடம்.

தலைவர் க்ளைட் பென்ரோஸ். ஊரில் பிணங்களைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, அடக்கம் செய்து தருகிற ஒரே நிலையம் அவருடையது. எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"கைக்கு எட்டுற மாதிரி வெச்சா, விழுந்துதான் பார்ப்போமேன்னு ஜனங்களுக்கு ஒரு தைரியம் வந்துடும்மா."

"தீயணைப்பான் மாட்டியிருக்கோமே சார், அதைப் பார்த்து யாராவது லைப்ரரியைக் கொளுத்தினாங்களா?"

குழு ஆழ்ந்து யோசித்தது. நூலகர் எழுப்பிய ஐயம் மிகவும் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, தீயணைப்பானையும் பூட்டிவைக்கத் தீர்மானித்தது. இரண்டு இரும்புப் பெட்டிகள் வந்தன. சாவி இரண்டும் பொருளாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் பனி விழ ஆரம்பித்ததும் ஃபுளோரிடாவுக்குப் போய், பனி உருகிய பிறகுதான் திரும்புவார்.

"குளிர்காலத்துல யாராவது விழுந்தா?"

"குளிர்காலத்துல லைப்ரரிக்குக் கூட்டமே கம்மிதானே" என்றாள் குழு உறுப்பினர் லொரெய்ன் ஹப்.

அதே லொரெய்ன் மறுநாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். "வெர்னா, அதுல ஒண்ணு எனக்கு எடுத்துக் குடேன். எனக்கில்லடி, பக்கத்து வீட்டுப் பையனுக்கு." லொரெய்னின் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தன் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கேட்டார். தலைவர் பென்ரோஸின் மனைவியும் வந்தாள், பக்கத்து வீட்டுக்குத்தான். அந்த ஊரில் பக்கத்து வீட்டைத் தவிர வேறெங்கும் வியாதி கிடையாது. வெர்னா எல்லோரிடமும் பூட்டைக் காட்டிக் கையை விரித்தாள்.

இதற்கிடையில் தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். நூலகங்கள் நெருக்கடியை எதிர்கொள்வது எப்படி என்று வண்ண வண்ணப் படங்களாகப் போட்டுக் காட்டினார். கழிப்பறையில் நீல விளக்கு போட்டால் ஊசி குத்துகிறவனுக்கு நரம்பு தெரியாதாம். மனசு உடைந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ள லாமா வேண்டுமாம், அந்தக் கழுத்து நீண்ட தென்னமெரிக்க மிருகம். இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் அதுதானாம். விளக்கும் வந்தது, லாமாவும் வந்தது. வரலாற்று நூல்களில் ஒரு தட்டு முழுவதையும் லாமா தின்று தீர்த்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டுப் பக்கம் ஆர்வமாக வந்த ஒரே ஜீவன் அதுதான்.

பிப்ரவரியில், உள்ளே குழுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, டெல்மர் கழிப்பறையிலிருந்து வெளியே வரவில்லை.

வெர்னா தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள். சுவரோரமாகச் சரிந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று பார் என்பார்கள். அந்த விளக்கில் என்னத்தைப் பார்ப்பது? அவள் கையே பிணத்தின் கை மாதிரி நீலமாகத்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறோம் என்றார்கள். கூட்ட அறைக்கு ஓடினாள்.

"பெட்டியை உடைக்கணும் சார்! மூச்சு இல்ல!"

பென்ரோஸ் கண்ணாடியைக் கழற்றினார். "பொதுச் சொத்தை உடைக்கறதுன்னா தீர்மானம் வேணும். சரி, ஆபத்துக்குப் பாவமில்லை, நானே முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள்?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வழிமொழிந்தால், 'இவங்களுக்கென்ன இவ்வளவு அக்கறை, வீட்டில் ஏதோ இருக்கிறது' என்று ஊர் பேசுமே. லொரெய்னின் உதடு அசைந்தது, பாவம், பிறகு இருமலாகிவிட்டது. ஒருவர் நல்லெண்ணத்தோடு ஃபுளோரிடாவுக்குப் போன் போட்டார். "கவலையே படாதீங்க, ரெண்டு சாவியும் பத்திரமா என் கழுத்துல தொங்குது" என்றார் பொருளாளர். பெட்டியை அடித்து உடைக்கக் கனமாக ஏதாவது கிடைக்குமா என்று வெர்னா தேடினாள். கனமான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தீயணைப்பான்.

"நீங்கல்லாம் மனுஷங்கதானா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் ரஸ்டி புகைத்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் தூங்கிய குற்றத்துக்காக நூலகத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டவன். டெல்மரின் கூட்டாளி. அவள் முகத்தைப் பார்த்ததுமே சிகரெட்டை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தான். சட்டைப் பையிலிருந்து சொந்தக் குப்பியை எடுத்து மூக்கில் அடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெர்னா தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள். டெல்மர் இருமினான், கண்ணைத் திறந்தான், ரஸ்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வெர்னா குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தடையை மீறி உள்ளே வந்ததற்காக ரஸ்டியின் தடை ஆயுளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தை வழிமொழிய நான்கு பேர் போட்டி போட்டார்கள்.

வெர்னா விடவில்லை. பூட்டைக் கழற்றும்வரை ஓயமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஊரையே திரட்டிவிட்டாள். நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். பென்ரோஸ் பெருந்தன்மையோடு எழுந்தார்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. பூட்டை எடுக்கணும்னா ஊருக்கு அது தேவைன்னு தெரியணும். அவ்வளவுதான். எங்க வீட்ல இப்படி ஒருத்தர் இருக்காங்கன்னு ஒரே ஒரு குடும்பம் கை தூக்கட்டும். சாவி இல்லாட்டி என்ன, இப்பவே உடைச்சுக் கழட்டிடறேன். பக்கத்து வீடெல்லாம் கணக்குல வராது."

ஒரு கைகூட எழவில்லை. லொரெய்ன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். தலைவரின் மனைவி கூரையைப் பார்த்தாள். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழைகளா, ஒருத்தருக்காவது முதுகெலும்பு இல்லையா என்று மனசுக்குள் வைதாள். கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே வந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை மேலே இருந்தது. டெல்மரின் கை.

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. பிறகு, அது யார் வீட்டுக் கை என்று புரிந்து, வெர்னாவைப் பார்த்தது. அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. தேவாலயத்தில் நாளைக்கு எப்படி உட்காருவது? எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது, தம்பி பக்கத்தில் போய் நின்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தோள் பிடிச்சுக்கிச்சு இவனுக்கு" என்றாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி. "அப்பப்போ கையை மேல தூக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"ஆமாமா, தோள்வலி பொல்லாத வலியாச்சே" என்றார் பென்ரோஸ். எங்கள் வீட்டில் நல்ல தைலம் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன் என்றாள் லொரெய்ன். ஊருக்கு மருந்து தேவைப்படவில்லை என்பது ஏகமனதாக நிறைவேறியது.

டெல்மர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படிடா இருக்கு தோள்?" என்று நாலுபேர் காதில் விழும்படி கேட்டாள் வெர்னா.

"பரவால்லக்கா" என்றான் அவன்.