பரமலிங்கத்தின் பிறேக்கும் கமலாசனியின் கல்வெட்டும்

பரமலிங்கம் ஒரு தீர்மானம் எடுத்திருந்தார். சாவது சரி, என்றைக்கோ ஒருநாள் நடக்கப்போவதுதான். ஆனால் பிறேக் பிடிக்காமல் மட்டும் சாகக்கூடாது.

விசுவமடுவில் நெல் வெட்டும் மிசின் வைத்து நடத்துகிற, ஐம்பது வயதைத் தொட்ட, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனான மனிதர் எடுக்கிற தீர்மானமா இது என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய மனைவி கமலாசனியும் கேட்டுப் பார்த்துக் களைத்துப்போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிவப்புக் கார். இரண்டே கதவு. பழைய யப்பான் பந்தயக் கார். அதற்குள் ஏறுவதென்றால் முதலில் குந்தவேண்டும், பிறகு சரியவேண்டும், கடைசியில் கடவுளை நினைத்துக்கொண்டு விழவேண்டும். அவர்களுடைய கிறவல் றோட்டில் அதன் வயிறு உரசாமல் போக ஒரேயொரு வழிதான் இருந்தது. போகாமல் இருப்பது.

மனிதரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இருபது வயதாக இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் இல்லை. நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை உறுமவைத்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகைதான் வேகமாகப் போகும். ஆள் ஆறுதலாகப் பின்னால் போவார். முப்பத்தைந்து வயதில் ஓடியது உயிருக்காக ஓடிய ஓட்டம். அதை அவர் ஓட்டம் என்று கணக்கெடுப்பதில்லை. யாரும் துரத்தாமல், எங்கும் போய்ச் சேரவேண்டிய தேவையும் இல்லாமல், ஒரு தடவையாவது சும்மா வேகமாக ஓடவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆசைக்குத் தோதாகத் தெற்கே, புத்தளம் தாண்டி ஓர் ஓட்டத்திடல் இருந்தது. போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அவரவர் காரைக் கொண்டுபோய் அவரவர் ஆசை தீரச் சுற்றிவிட்டு வரலாம். மாசி மாதம் பரமலிங்கம் போனார். ஐந்து சுற்று சொர்க்கம். ஆறாவது சுற்றில் பிறேக்கை மிதித்தார். மிதி நேரே அடித்தட்டுக்குப் போய்விட்டது. காரும் தன்பாட்டில் போய், வளைவில் அடுக்கியிருந்த பழைய ரயர்களுக்குள் புகுந்து நின்றது.

வீட்டில் சொன்னது வேறு கதை.

“கனகராயன்குளத்தடியிலை கட்டாக்காலி மாடொண்டு குறுக்கை வந்திட்டுதப்பா.”

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“முன்பக்கமெல்லாம் ரயர் றப்பர் அப்பிக்கிடக்கு. மாடு ரயர் போட்டிருந்ததோ?”



அடுத்த நாளே பரமலிங்கம் காரை முள்ளியவளையில் றொமேசின் கராச்சுக்குக் கொண்டுபோனார். றொமேஸ் பிறேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

“அண்ணை, பிறேக் ஒயில் கொதிச்சிட்டுது. கொதிச்சா உள்ளுக்கை குமிழி வரும். பிறகு எவ்வளவு மிதிச்சாலும் நீங்கள் குமிழியைத்தான் மிதிப்பியள். ஆள் தப்பினது பெரிய காரியம்.”

தீர்மானம் அந்த இடத்தில்தான் பிறந்தது. பெரிய பிறேக் டிஸ்க், சூடு தாங்குகிற பிறேக் பாட், லேசில் கொதிக்காத ஒயில், கம்பி வலை சுற்றிய ஹோஸ் எல்லாம் கொழும்பிலிருந்து வந்தன. பெரிய டிஸ்க், ரயர் மாட்டுகிற பழைய சில்லுக்குள் அடங்கவில்லை. ஆகவே சில்லும் பெரிதானது. வேலை நடந்த மூன்று கிழமையும் பரமலிங்கம் கராச்சிலேயே தவம் கிடந்தார். மகள் தேனுகா எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். டிஸ்கின் விட்டத்தை நித்திரையிலும் சொல்லுவார்.

கடைசியில் குசினிக்குள் போய் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். ரயர், குமிழி, ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை மறுபடி போகவிருப்பது எல்லாவற்றையும் சொன்னார். கமலாசனி மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“புதுப் பிறேக் நல்லாப் பிடிக்குமோ?”

“யானையையும் நிப்பாட்டும்.”

“அப்ப இனி மெதுவாப் போவியள்.”

“இல்லையப்பா, கெதியாப் போகலாம்.”

“பிறேக் போட்டது நிக்கிறதுக்கெல்லோ?”

“நல்லா நிக்குமெண்டாத்தானே துணிஞ்சு கெதியாப் போகலாம்!”

“அப்ப பிறேக் இல்லாட்டி?”

“மெதுவாத்தான் போகவேணும்.”

“அதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டுப் பிறேக் போட்டனீங்களோ?”

  

கமலாசனி சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பார். பதின்மூன்று வருடப் பழக்கம். ஆனால் அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள், அதுவும் சீனி அளவாக. பரமலிங்கம் அதை ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து யோகநாதன் மாஸ்டர் கொப்பியும் பேனையுமாக வந்தார். இளைப்பாறிய தமிழ் வாத்தியார். அந்த வட்டாரத்தில் மேடை, மலர், வாழ்த்து எதுவென்றாலும் செய்யுள் அவருடையதுதான்.

“தம்பி, உம்மடை வரலாறு கொஞ்சம் வேணும்.”

பரமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். கமக்காரர் அமைப்பு மலர் வெளியிடப் போவதாக ஒரு கதை அடிபட்டது. அதோடு சேர்த்து மூத்த விவசாயிகளைக் கௌரவிக்கிறார்கள்போல. பிறந்த ஊர், தகப்பனார் பெயர், காடு வெட்டிக் கழனியாக்கிய விதம், மிசின் வாங்கிய ஆண்டு எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் சொன்னார். கோயில் கிணறு தான் வெட்டுவித்தது என்றும் சொன்னார். அது பாதிதான் உண்மை.

“அருமை,” என்றார் மாஸ்டர். “ஆளே முன்னாலை இருந்து சொன்னாத் தகவலிலை பிழை வராது. எனக்கு இந்த வசதி ஒருநாளும் கிடைச்சதில்லை. சரி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஓட்டம்?”

“பத்து மணிக்கு. ஏன் மாஸ்டர்?”

“பத்தரைக்குப் பிறகு திதி மாறுது. வெண்பாவிலை எந்தத் திதியைப் போடுறதெண்டு பாக்கவேணுமே.”

பரமலிங்கத்துக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுப்பார்களே, படமும், திதி வெண்பாவும், உறவினர் புலம்பலும் போட்ட சின்னப் புத்தகம், அந்தக் கல்வெட்டுக்குத்தான் அவர் இவ்வளவு நேரமும் வாயெல்லாம் பல்லாகத் தகவல் கொடுத்திருக்கிறார்.

நேரே கிணற்றடிக்கு ஓடினார்.

“உமக்கென்ன விசரோ? உயிரோட இருக்கிறவனுக்குக் கல்வெட்டோ?”

“கத்தாதேங்கோ. மாஸ்டருக்கு எழுத நாள் வேணும். பிறகு அவசரத்திலை அடிச்சா எழுத்துப் பிழை வரும்.” கமலாசனி வாளியை இறக்கி வைத்தாள். “இன்னொரு கரைச்சல் கிடக்கு. முப்பத்தொண்டு சிறுபோக வெட்டுக்குள்ளை வருது. மிசினுக்கு ஆளில்லை, வாற சனத்துக்கும் நேரமில்லை. ஓட்டத்தைப் புரட்டாதிக்குப் பின்போட ஏலாதோ?”

“நான் சாகப் போகேல்லையப்பா!”

“அப்பாவும் சாகப் போகேல்லை. தண்ணிக்குத்தான் போனவர்.”

 மாமனாரின் அந்தக் கதை பரமலிங்கத்துக்குத் தெரியும். கடைசி யுத்தத்தின் கடைசி நாட்களில், கடற்கரை மணலில், தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு ‘இப்ப வாறன்’ என்று போன மனிதர். உடலும் இல்லை, நாளும் இல்லை. நாள் தெரியாதவருக்குத் திதி இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆடி அமாவாசைக்குப் பொதுவாக ஒரு பிடி சோறு வைப்பதோடு சரி. கமலாசனியின் தாய் கண்மூடும்வரை வாசல் படலையைப் பார்த்தபடிதான் கிடந்தாள்.

“உங்களுக்காவது நாள் தெரியுது,” என்றாள் கமலாசனி. அவள் பகிடி விடவில்லை. பகிடி விட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் ஆண்பிள்ளை என்றொரு வீம்பு இருக்கிறதே. புதுப் பிறேக் போட்ட ஆண்பிள்ளையென்றால் சொல்லவும் வேண்டாம்.

“நான் போகத்தான் போறன். நீர் அடிக்கிறதை அடியும். வந்து ஆறுதலா வாசிக்கிறன்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் அச்சுப்படியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டுப் போனார். கமலாசனி கோயிலுக்குப் போயிருந்தாள். பரமலிங்கம் தொடுவதில்லை என்றுதான் இருந்தார். அஞ்சு நிமிடம் இருந்தார்.

‘வன்னிவயல் நெல்லறுத்த பரமலிங்க வள்ளலே
பின்னிவந்த வளைவினிலே திரும்பாமற் போனீரே.’

எதுகை நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே ஏசிக்கொண்டார். கோயில் கிணறு முழுதாக அவர் பெயரில் வந்திருந்தது. அதிலும் கொஞ்சம் சந்தோசம். அடுத்த பக்கம் மனைவி புலம்பல். எவ்வளவு அழுதிருப்பாள் என்று ஆவலோடு புரட்டினார்.

மனைவி புலம்பல் இல்லை. அந்த இடத்தில் கமலாசனியின் படம் இருந்தது. கீழே ‘அமரர் கமலாசனி பரமலிங்கம்’. பக்கத்தில் ஒரு திதி வெண்பா. அதே சனிக்கிழமை, அதே திதி.

அதற்கடுத்த பக்கத்தில் ‘மகள் புலம்பல்’ என்று தலைப்பு மட்டும் போட்டிருந்தது. கீழே வெறும் வெள்ளை.

கமலாசனி திருநீற்றோடு வந்து படியேறியபோது அவர் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி நின்றார். 

“இது என்னப்பா?”

“காரிலை ரண்டு சீற் கிடக்குத்தானே. நானும் வாறன்.”

“உமக்கேன் உந்த வேலை?”

“போன தரம் அப்பா போக நாங்கள் மிஞ்சினனாங்கள். படலையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். இன்னொருக்கா என்னாலை ஏலாது.”

“அப்ப... தேனுகா?”

“தேனுகாவை இப்பத்தான் நினைச்சனீங்களோ?” கமலாசனி திருநீற்றை அவர் நெற்றியிலும் பூசினாள். “அந்தப் பக்கத்துக்கு என்ன எழுதிறதெண்டு மாஸ்டர் என்னைக் கேட்டவர். எனக்கு ஒண்டும் வரேல்லை. நீங்கள் சொன்னா எழுதுவார்.”

 வரமாட்டாள், வெருட்டுகிறாள் என்று பரமலிங்கம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விடிய நாலு மணிக்கு அவள் சேலையைச் செருகிக்கொண்டு காருக்குள் விழுந்து ஏறி இருந்தாள். தேனுகா சின்னம்மா வீட்டில்.

திடலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எது நடந்தாலும் தானே பொறுப்பு என்று கூட வருகிறவரும் ஒப்பமிட வேண்டும். கமலாசனி வாசித்துப் பார்த்து, வடிவாக ஒப்பமிட்டாள். தலைக்கவசம் கொண்டைக்கு மேல் இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குப் பச்சைக் கொடி விழுந்தது.

பரமலிங்கம் புறப்பட்டார். கோயில் தேர் புறப்படுவதுபோல் புறப்பட்டார்.

“ஏன் மெதுவாப் போறீங்கள்?”

“பிறேக்கைப் பழக்கிறன்.”

“எல்லாரும் முந்திப் போறாங்கள்.”

“போகட்டும்.”

“நாங்கள் வன்னியிலை இருந்து இவ்வளவு தூரம் வந்தது இதுக்கோ? கொஞ்சம் மிதியுங்கோவன்.”

நீண்ட நேர்ப்பாதை வந்தது. மூன்றாவது சுற்றில் வீம்பு ஒருமுறை தலைதூக்க, அவர் மிதித்தார். சிவப்புக் கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. இருபது வயதில் கிடைக்காதது கிடைத்தது. மூன்று விநாடி கிடைத்தது. பக்கத்தில் அவள் கண்ணை மூடவில்லை, சீற்றைப் பிடிக்கவில்லை, கையை மடியில் வைத்தபடி இருந்தாள். பரமலிங்கத்துக்கு முன்னால் றோட்டுத் தெரியவில்லை. அந்த வெள்ளைப் பக்கந்தான் தெரிந்தது. அதைத் தேனுகா தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்புவது தெரிந்தது. வளைவுக்கு இன்னும் இருநூறு மீற்றர் இருக்கக் கால் தானாகப் பிறேக்கில் போய் ஏறியது.

பிறேக் பிடித்தது. அப்படியொரு பிடியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. பிறகு அந்தக் காலை அவர் பிறேக்கை விட்டு எடுக்கவேயில்லை. அவருக்கு அழுகை வந்தது. தலைக்கவசத்துக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதும் அன்றுதான் தெரியவந்தது.

இறங்கியபோது நேரம் குறிக்கும் மனிதர் துண்டொன்றைக் கொடுத்தார். காலையில் பாதையைப் பார்த்து வரப்போன அம்புலன்ஸ் இதைவிடக் கெதியாக ஒரு சுற்று வந்தது என்று மரியாதையாகச் சொன்னார்.

பரமலிங்கம் நேரே மேசைக்குப் போய், பின்னேர ஓட்டத்துக்குக் கொடுத்திருந்த தன் பெயரைத் தன் கையாலேயே வெட்டினார். அடுத்த மாதப் பட்டியலிலும் வெட்டினார். காரை விற்கப் போவதாகவும், வாங்க ஆளிருந்தால் சொல்லும்படியும் அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு வந்தார். பெரிய தியாகம் செய்தவர்களுக்கு முகத்தில் ஒரு ஒளி வருமே, அதோடு மனைவி முன்னால் வந்து நின்றார்.

“கமலா, எல்லாம் வெட்டிப்போட்டன். இனி ஓடேல்லை. வீட்டை போவம்.”

கமலாசனி கூந்தலை முடிந்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதுக்கிடையிலை வெட்டிப்போட்டீங்களோ? நான் பின்னேரமும் ஓடலாமெண்டெல்லோ ரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்தனான்!”